சிஸ்டரின் மாடி வார்டு

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூரியர்காரத் தம்பி பார்சலில் இருக்கிற பெயரை வாசித்துவிட்டு, "இது யாருண்ணே, நம்ம தெருவா?" என்று என் கடை வாசலில் வந்து முழிப்பான். வாங்கிப் பார்த்துவிட்டு நான் சொல்வேன்: "அட, நம்ம சிஸ்டரு."

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆஸ்பத்திரியில் இருந்துதானே தவிர அதிகாரத்தில் இருந்து இல்லை. தெருவில் யார் இருமினாலும் மாடியில் இருந்து குரல் இறங்கும். "ஏலே, யாரு அது இருமறது? இங்கிட்டு வந்து நாக்கை நீட்டு." இருமியவன் வந்து நீட்டுவான். வராமல் இருந்து பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டு வாசலில் சிஸ்டரே போய் நிற்பார். அதற்கு நாமே போய் நாக்கை நீட்டியிருக்கலாம் என்று இருமினவனுக்குத் தோன்றிவிடும்.

நான் மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுவதுதான் முக்கியமான பிழைப்பு. சிஸ்டர் வீடு எங்கள் வீட்டை ஒட்டினாற்போல. இரண்டு மொட்டைமாடிக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். அந்தச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அவர் பேசிய பேச்சைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சிஸ்டருக்கு டார்கெட் வைக்கிற பழக்கம் உண்டு. லட்சியம், குறிக்கோள் என்றெல்லாம் சொல்ல மாட்டார், டார்கெட். வைத்ததும் தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். "நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் தம்பி வெக்கப்பட்டாவது செய்வோம்" என்பார். ஆனால் அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏனென்றால் டார்கெட்டை வைக்கிறவரும் அவர்தான், அதை எதிர்த்து வாதாடுகிற வக்கீலும் அவர்தான், கடைசியில் தீர்ப்புச் சொல்கிற ஜட்ஜும் அவரேதான்.

ஒரு தடவை, தினமும் காலையில் எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கப் போகிறேன் என்று அறிவித்தார். புது கேன்வாஸ் ஷூ வந்தது. முதல் நாள் போய்விட்டு வந்தார். மறுநாள் பார்த்தால் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார், அதே ஷூவோடு.

"என்ன சிஸ்டர், மலையைக் காணோம்?" என்றேன்.

"அந்தா தெரியுதுல்ல?" என்று கையைக் காட்டினார். வீடுகளுக்கு மேலே மலை மொட்டையாகத் தெரிந்தது. "மலையைப் பாத்துக்கிட்டே நடக்கணும். அம்புட்டுத்தான். மலைக்குப் பக்கத்துலயே போயிட்டா மலை எங்கிட்டுத் தெரியுது? சுவருதான் தெரியுது."

தவக்காலத்தில் காபியை விட்டார். விட்ட அன்றைக்கே டீ குடித்தார். "ஆண்டவருக்கு நான் குடுத்தது காபியை. டீயை அவரு கேக்கல" என்றார். என் மனைவி செல்வி சிரித்த சிரிப்பில் சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீ மூக்கில் ஏறிவிட்டது.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தவர், ஒரே ஒரு டார்கெட்டைத்தான் நிஜமாகவே பயந்துகொண்டு வைத்தார். அதற்குக் காரணம் அவருடைய மகன் அருள்.

அருளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அப்பா போனபிறகு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நின்றான். சிஸ்டர் பிடி கொடுக்கவில்லை. ஓர் ஈஸ்டருக்கு முன்னறிவிப்பில்லாமல் வந்தவன், நேரே சமையலறைக்குள் போய்ச் சட்டியைத் திறந்தான். தயிர்ச்சோறு. தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய். அதற்கு முந்தின நாளும் அதுதான் என்று செல்வி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் சத்தா சாப்பிடு, சத்தா சாப்பிடுன்னு சொல்ற. உனக்குத் தொட்டுக்க ஒரு வெஞ்சனம் வச்சுக்க முடியல" என்று அருள் சத்தம் போட்டது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. "பெட்டியைக் கட்டும்மா. போதும்."

பிறகு சிஸ்டர் குரல் கேட்டது. "ஒரு வருசம் டைம் குடு. அடுத்த ஈஸ்டர் வரைக்கும் கடையில ஒரு காய் வாங்க மாட்டேன். என் மாடியில நானே போட்டு, நானே ஆக்கி, ஒழுங்கா சாப்பிட்டுக் காட்டுறேன். முடிஞ்சா இந்த வீட்டுலயே கிடப்பேன். முடியலைன்னா நீ கூப்பிடாமலே பெட்டியோட வந்துருவேன்."

அருளும் அந்த அம்மா பெற்ற பிள்ளைதானே. உடனே ஷரத்து போட்டான். "அடுத்த ஈஸ்டருக்கு வாரேன். பிரியாணிக்குக் கறி நான் வாங்கிட்டு வாரேன். தொட்டுக்கக் கத்திரிக்காய்த் தொக்கு நீ வைக்கணும். காய் உன் மாடியில என் கண்ணு முன்னாடி பறிச்சதா இருக்கணும்."

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, அம்மா ஏதாச்சும் ஏமாத்தும். நீங்க பாத்து எனக்கு போன்ல சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். ஒற்றன் வேலை பார்ப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தாடிக்கொம்புப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் சிஸ்டர். ஆனால் மண்ணில் கை வைத்தது சின்ன வயதோடு சரி. அதனால் அவர் தோட்டம் போட்டது விவசாயி மாதிரி இல்லை, நர்ஸ் மாதிரி. பெயின்ட் வாளி, அரிசிச் சாக்கு, உடைந்த குடம் எல்லாவற்றிலும் செடி வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெட் நம்பர் போட்டார். வெண்டையும் மிளகாயும் ஜெனரல் வார்டு. பந்தலில் ஏறின பீர்க்கும் அவரையும் எலும்பு முறிவு வார்டு. கம்பு வைத்துக் கட்டியிருந்ததால். கத்திரிச் செடிகள் ஐ.சி.யூ. "அதுகளுக்கு எப்ப என்ன வரும்னு சொல்ல முடியாது" என்பார். உச்சி வெயிலில் யாரும் மாடிக்குப் போகக் கூடாது. பார்வையாளர் நேரம் சாயங்காலம் மட்டும்.

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வந்தால் அன்றைக்குத் திருவிழா. அப்புறம் பல நாளைக்கு அந்தத் தண்ணீரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சிஸ்டர் அதற்கும் ஆஸ்பத்திரி வழியைத்தான் பிடித்தார். பழக்கமான ஒரு கிளினிக்கில் காலியான டிரிப் பாட்டில்களை வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் அலசி, கொடிக்கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டார். ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஒரு குழாய். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். சாயங்காலம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணிக்கொண்டு, திருகியைத் திருகிக்கொண்டு ரவுண்ட்ஸ் வருவார். தூரத்தில் இருந்து பார்த்தால் செடிகளெல்லாம் ஏதோ கூட்டு விருந்தில் கெட்டுப்போனதைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும்.

"நோயாளி வாயால சொல்றதை நம்பக் கூடாது தம்பி. நாக்கைப் பாக்கணும். செடிக்கு நாக்கு இலைக்கு அடியில இருக்கு" என்று ஒரு வெண்டை இலையைத் திருப்பிக் காட்டினார். அன்றில் இருந்து நானும் எந்தச் செடியைப் பார்த்தாலும் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். என்ன பார்க்க வேண்டும் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

சமையலும் அப்படித்தான், டியூட்டிக்குப் போகிற சமையல். கீரையைக் கிள்ளிக்கொண்டு இறங்குவார். சின்ன வெங்காயம், சீரகம், காய்ந்த மிளகாய். வெந்ததும் மத்தால் நாலு கடை. இலை செடியில் இருந்ததற்கும் தட்டில் விழுந்ததற்கும் நடுவில் ஒரு குளியல் நேரம்கூட இருக்காது. செல்வி மசாலா அரைத்துக்கொண்டு நின்றால் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்வார்: "என்னடி அம்புட்டுச் சாமான் போடுற? மூணு சாமானுக்கு மேல போச்சுன்னா அது சமையல் இல்ல, பிரிஸ்கிரிப்சன்."

செல்வி விட மாட்டாள். "அப்புறம் எதுக்கு சிஸ்டர் எங்க வீட்டுக் குழம்பை ஒரு கிண்ணம் கேட்டு வாங்கினீங்க?"

"அது உன் குழம்பு எப்படி இருக்குன்னு டெஸ்டுக்கு எடுத்தது."

கடைக் காய் கூடாது என்ற டார்கெட்டில் வக்கீல் சிஸ்டர் ஓட்டை போடாமல் இருப்பாரா? ஒருநாள் உருளைக்கிழங்கு வறுவல் வாசம் வந்தது. மாடியில் உருளைக்கிழங்கு விளையவில்லை என்பது எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"பாக்காத தம்பி. இது கிழங்கு. காய்னா வெளிய தொங்கணும், ஊரு பாக்கணும். மண்ணுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கிறதுக்கும் டார்கெட்டுக்கும் சம்பந்தமே இல்ல."

ஊர்ப்பக்கத்தில் இருந்து ஒரு பெரியவர் பிரஷர் பார்த்துக்கொள்ள வருவார். வரும்போது முருங்கைக்காய்க் கட்டோடு வருவார். "நான் காசு குடுத்தேனா? கையில பட்டையைச் சுத்திக் காத்தடிச்சேன். அம்புட்டுத்தான்." செல்வி கொடுக்கிற பொரியலுக்கோ விளக்கமே கிடையாது. "பக்கத்து வீட்டு வெஞ்சனமும் கடைக் காயும் ஒண்ணா? வாயைக் கழுவு."

அருள் போன் பண்ணுவான். "எப்படிண்ணே போகுது?" முன்னால் கடைந்த கீரை ஒரு கிண்ணம் இருக்கும், சிஸ்டர் சற்று முன்தான் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். வாயில் கீரையை வைத்துக்கொண்டு எப்படிக் காட்டிக்கொடுப்பது? "சுத்தமா போகுதுப்பா. ஒரு குறை இல்ல" என்பேன். "உருளைக்கிழங்கு ஏதாச்சும்?" என்பான். அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டை போட்டாலும் மாடி பச்சையாகத்தான் இருந்தது. தயிர்ச்சோறும் ஊறுகாயும் போயேபோய்விட்டது. அவரைக்காய்ப் பொரியல், பீர்க்கங்காய்த் துவையல், வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு என்று தட்டு நிறைந்தது. ஒட்டியிருந்த கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல ஆனது. கத்திரிச் செடிகளில் ஊதாப் பூ வந்தது, பிஞ்சு வந்தது. ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வெயில் உக்கிரமாக இறங்கியது. கத்திரி இலையெல்லாம் துவண்டு தொங்கியது. வேறு யாராக இருந்தாலும் ஒரு பழைய சேலையை நிழலுக்குக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சிஸ்டர் ஒரு நர்ஸ் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். ஐ.சி.யூ. பாட்டில்கள் அத்தனையிலும் குளுக்கோஸ் பவுடரைக் கலந்து ஏற்றிவிட்டார்.

"டயர்டா கிடக்குதுக தம்பி. செத்த குளுக்கோஸ் ஏத்தினா எந்திரிச்சு உக்காந்துரும்."

எழுந்து உட்கார்ந்தது செடி இல்லை, எறும்பு. திண்டுக்கல்லில் இருக்கிற எறும்பெல்லாம் சொல்லிவைத்தாற்போல் எங்கள் தெருவுக்கு வந்தது. எங்கள் சுவர் ஏறி, அவர் சுவர் இறங்கி, வரிசை கலையாமல் கத்திரிச் செடிக்குப் போனது. எறும்புக்குப் பின்னாலேயே வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி வந்து ஒட்டியது. சிஸ்டர் சோப்புத் தண்ணீர் அடித்தார், வேப்பெண்ணெய் அடித்தார். பூச்சி போனது. கூடவே பூவும் பிஞ்சும் உதிர்ந்து போனது. செடி பிழைத்துக்கொண்டது, காய்தான் இல்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் நான் மாடிக்குப் போனபோது அவர் கொடிக்கயிற்றுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி, வெயிலில் திறந்து கிடந்தது. பூச்சி உருண்டை வாசம் வந்தது.

"என்ன சிஸ்டர் இது?"

"காயப் போட்டிருக்கேன்" என்றார். இன்னும் ஏதாவது சொல்வார், ஒரு வாதம் வரும், சிரிக்கலாம் என்று நின்றேன். "அஞ்சாவது மாடி தம்பி அவன் வீடு. துணி காயப் போடுற இடத்துல ஒரு தொட்டி வைக்கலாமாம். ஒண்ணே ஒண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

செல்வியிடம் சொன்னேன். அவள் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள். "நீங்க போய்த் தள்ளுவண்டியில ஊதாக் கத்திரிக்காய் வாங்கிட்டு வாங்க. காம்பு நீளமா பாத்து வாங்குங்க."

"குழம்பா?"

"குழம்பு இல்ல. கட்டு."

பெரிய வெள்ளி மதியம் சிஸ்டர் கோயிலுக்குப் போனார். பாடுகளின் வாசகம், சிலுவை முத்தம் எல்லாம் முடிந்து வர நேரமாகும். நானும் செல்வியும் சுவர் ஏறிக் குதித்தோம். பார்வையாளர் நேரம் இல்லைதான். செல்வி வாழைநாரை நனைத்து எடுத்து வந்திருந்தாள். பூக் கட்டின கை அல்லவா, காம்பைக் கிளையோடு சேர்த்துப் பிடித்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு. காய் செடியில் பிறந்து வளர்ந்த மாதிரி தொங்கியது. எனக்கு நார் வசப்படவில்லை, அறுந்து அறுந்து போனது. கடைக்கு ஓடிப் போய் மெல்லிசான செப்புக் கம்பி எடுத்து வந்து, மூலையில் இருந்த செடியில் கொழுத்த காயாக இரண்டைச் சுற்றினேன். என் சுற்று என்றைக்கும் அவிழாது, அது என் தொழில் கௌரவம்.

சனிக்கிழமை காலை சிஸ்டர் தண்ணீர் ஊற்ற மாடிக்குப் போனார். கீழே நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். செருப்புச் சத்தம் அங்கும் இங்கும் போனது. ஓரிடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு இறங்கி வந்தார். "என்ன செல்வி, வெயிலு இப்படிக் கொளுத்துது" என்றார். உள்ளே போய்விட்டார். வேறு ஒன்றுமில்லை.

"நம்பிட்டாங்க" என்றேன்.

"நம்பினாங்களோ, நம்பின மாதிரி தீர்ப்பு எழுதிட்டாங்களோ" என்றாள் செல்வி.

ஈஸ்டர் அன்று அருள் கறியோடு வந்து இறங்கினான். வந்ததும் வராததுமாக, "காய் பறிப்போமாம்மா?" என்றான். சிஸ்டர் முறத்தை எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றார். நான் செல்வியை முன்னால் விட்டுப் படியேறினேன்.

மாடியில் சிஸ்டர் ரவுண்ட்ஸ் போகிற தோரணையில் முன்னால் நடந்தார். முதல் செடி முன் நின்று காம்பைத் தூக்கிக் காட்டினார். "அருளு, இங்க பாரு. நல்ல தையல். ரத்தம் வரல, சதை கிழியல. ஆனா இது ஆஸ்பத்திரி முடிச்சு இல்ல. மல்லிகைப் பூவுக்குப் போடுற முடிச்சு. செல்வி, பேசண்டைப் பாத்துக்கிட்டதுக்கு தேங்க்ஸ்."

செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மூலைச் செடிக்குப் போனார். இலையை நீக்கினார். செப்புக் கம்பி வெயிலில் தங்கச் சங்கிலி மாதிரி மின்னியது.

"இது மோட்டார் ஆபரேசன். யாரு டாக்டர்னு சொல்லத் தேவையில்ல. தம்பி, கம்பியில கரன்ட் விட்டா இந்தக் காய் சுத்துமா?" என்று என்னைப் பார்த்தார். "இன்னொண்ணு. இது கத்திரிச் செடி இல்ல, சுண்டைக்காய்ச் செடி. இலையும் முள்ளும் ஒண்ணு போலத்தான் இருக்கும். பூவைப் பாக்கணும். கத்திரிக்கு ஊதா, சுண்டைக்கு வெள்ளை. அந்தா, நாலு வெள்ளைப் பூவு பூத்து நிக்குது. ஒரு வருசமா பக்கத்துல நின்னு இலையைத் திருப்பித் திருப்பிப் பாத்தியே, பூவைப் பாத்தியாப்பா?"

எனக்கு மாடியில் இருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. சிஸ்டர் மகன் பக்கம் திரும்பினார். முறம் காலியாகக் கையில் தொங்கியது.

"குளுக்கோஸ் ஏத்திக் கெடுத்துட்டேன்டா. பிஞ்செல்லாம் போச்சு. இந்தக் காய் ஒண்ணும் என்னோடது இல்ல. தோத்துட்டேன். பெட்டி காஞ்சிருச்சு, கட்டிர்றேன்."

அத்தனை வருடத்தில் வக்கீல் இல்லாமல் சிஸ்டர் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அருள் குனிந்து செப்புக் கம்பியைப் பார்த்தான். விரலால் தட்டிப் பார்த்தான். காய் ஆடியது, விழவில்லை.

"இதை நீ கடையில வாங்கினியா?" என்றான்.

"நான் எங்க வாங்கினேன்? இவன்தான்..."

"நீ வாங்கினியா, இல்லியா?"

"இல்ல."

"உன் மாடியில இருக்குதா?"

"இருக்கு."

"செடியில தொங்குதா?"

"டேய், அது கட்டி விட்டது..."

"காய்னா வெளிய தொங்கணும், ஊரு பாக்கணும். நீ சொன்னதுதானே? உருளைக்கிழங்குக்கு ஒரு சட்டம், கத்திரிக்காய்க்கு ஒரு சட்டமா?"

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அருளுக்கு இரண்டு ஒற்றர்கள் என்று.

அருள் கம்பியைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பிரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "கோயமுத்தூர்ல என் எதிர்வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாதும்மா. நீ அங்க வந்து செடி வச்சு, அது காய்க்கலைன்னா, எவன் வந்து உனக்குக் காயைக் கட்டி விடுவான்?" பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, கட்டிங் பிளேயர் எடுத்துட்டு வாங்க. பசிக்குது" என்றான்.

அன்றைக்குத் தொக்கு அபாரம். மூன்று சாமானுக்கு மேல் போட்டிருந்தார். செல்வி எண்ணிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டி அடக்கினேன். டிரங்குப் பெட்டியில் மறுநாளே கொத்தமல்லி விதைத்துவிட்டார்.

பிற்பாடு நாங்கள் அந்தத் தெருவை விட்டு வந்துவிட்டோம். வடமதுரையில் சொந்தமாகச் சின்னதாய் ஒரு வீடு கட்டினோம். புதுமனை புகுவிழாவுக்குச் சிஸ்டர் பஸ்ஸில் வந்தார், மடியில் ஒரு பெயின்ட் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. வாளியில் ஒரு செடி. நான் பாய்ந்துபோய் வாங்கினேன். இந்த முறை இலையைத் திருப்பவில்லை. பூவைப் பார்த்தேன். வெள்ளை.

"சுண்டைக்காய்!" என்றேன், பரீட்சையில் பாஸான குரலில்.

"பரவாயில்லையே" என்றார் சிஸ்டர். "இன்னும் உள்ள பாரு."

இலையை விலக்கினேன். உள்ளே ஊதாவாக, பளபளவென்று, ஒரே ஒரு கத்திரிக்காய் தொங்கியது. காம்பும் கிளையும் சேர்கிற இடத்தில் முடிச்சு இருந்த சுவடே தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். அப்போதும் தெரியவில்லை.

"இதுதான் ஆஸ்பத்திரி முடிச்சு. இப்படிப் போடணும் தையல்" என்றார்.